பத்து ஆராங்: நிலக்கரி கட்டிய ஊரும் கம்பெனி விட்டுப்போன ஊரும்



‘மலாயாவின் சுரங்கத் தொழில்’ என்று தலைப்புக் கொடுத்தால் நம்ம பிள்ளைகள் எல்லாரும் ஈயத்தைத்தான் எழுதுவார்கள். லாருட், கிந்தா பள்ளத்தாக்கு, சீனர் வருகை, ஈயக்கப்பல் என்று மளமளவென்று வந்துவிடும். தப்பில்லை. ஆனால் அந்த ஈயக்கப்பலையும் ரயிலையும் ஓட்டிய மின்சாரமும் நெருப்பும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதற்கான பதிலில் பெரும் பங்கு சிலாங்கூரில் உள்ள ஒரு சின்ன ஊருக்கு உண்டு. அந்த ஊரின் கதைதான் இந்த மாதக் கட்டுரை.

கெடா ஆசிரியர்களுக்குச் சிலாங்கூர் ஊர் எதற்கு என்று கேட்பீர்கள். கட்டுரையின் பாதியில் அது புரியும். இப்போதைக்கு இதை மட்டும் சொல்லிவைக்கிறேன்: நிலக்கரி நம்ம மண்ணிலும் உண்டு. கெடா, பெர்லிஸ் எல்லையில், தாய்லாந்தை ஒட்டி, புக்கிட் ஆராங் என்று ஓர் இடம் இருக்கிறது. ‘ஆராங்’ என்றால் மலாயில் கரி. பேரிலேயே கரி இருக்கிறது. நிலவியல் வல்லுநர்கள் அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவுகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே பெரிய சுரங்கமும் வரவில்லை, ஊரும் எழும்பவில்லை. பூமிக்கடியில் கரி இருந்தால் மட்டும் போதாது. தடித்த படிவு வேண்டும், பக்கத்தில் ரயில் வேண்டும், வாங்குகிற ஆள் வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிய இடம் தீபகற்பத்தில் பத்து ஆராங் மட்டும்தான் என்று சொன்னால் மிகையில்லை. பேராக்கில் எங்கோர் என்ற இடத்திலும் கொஞ்ச காலம் தோண்டினார்கள், அது நிலைக்கவில்லை.

கல் எரிந்த கதை

பத்து ஆராங் ரவாங்குக்கு மேற்கே இருக்கிறது. இன்றைக்கு கோம்பாக் மாவட்டத்துக்குள் வரும். 1908 வாக்கில் அந்தக் காட்டுப் பக்கம் ஒரு மலாய்க்காரர் அடுப்பு மூட்டியபோது அடுப்புக்கு முட்டுக் கொடுத்த கல்லே தீப்பிடித்து எரிந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். சொல்கிற ஆளுக்கு ஆள் கதை கொஞ்சம் மாறும். ஊர்ப்பேர் அந்தக் கதைக்கு ஏற்ற மாதிரித்தான் அமைந்திருக்கிறது: பத்து என்றால் கல், ஆராங் என்றால் கரி. (நம்ம பிள்ளைகள் ‘பத்து’ என்பதை எண் என்று நினைத்துவிடக் கூடாது. பத்து மலை, பத்து காஜா எல்லாம் இதே ‘கல்’தான்.) ஆரம்பத்தில் ரந்தாவ் பாஞ்சாங் சுரங்கம் என்ற பேரும் புழங்கியது.

கதையைத் தொழிலாக்கியவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல். 1913இல் மலாயன் கோலியரிஸ் கம்பெனி பதிவானது. 1915இல் கரி வெளியே வரத் தொடங்கியது. அதே காலத்தில் குவாங்கிலிருந்து பத்து ஆராங்குக்கு ஒரு கிளை ரயில் பாதை போட்டார்கள். மாணவர்கள் இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1914இல் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. இந்தியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்த கரி விலையேறி, நேரத்துக்கு வந்து சேராத காலம் அது. உள்ளூர்க் கரிக்கு அதைவிட நல்ல நேரம் அமைந்திருக்காது.

ரஸ்ஸல் பேரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் ஆரம்பித்த இன்னொரு தொழில் உங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும். கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அவர் 1933இல் இறந்துபோனார். கம்பெனி தொடர்ந்தது.

அந்தக் கரி ரயில்வேக்குப் போனது, ஈயச் சுரங்கங்களுக்குப் போனது, 1927இல் கோலாலம்பூர் பங்சாரில் வந்த மின்நிலையத்துக்கும் போனது. இங்கே ஓர் இடைச்செருகல். பக்கத்து ரவாங்கில்தான் 1894இல் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரப் பம்பு வைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் என்ற கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்துமலைக் கோயிலோடு மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கும் தம்புசாமிப் பிள்ளையை இந்தப் பாடத்திலும் ஒரு வரி சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

ரயில்வே என்று எழுதும்போது இன்னொன்றும் ஞாபகத்துக்கு வர வேண்டும். தண்டவாளம் போட்டவர்களும் பராமரித்தவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பான்மையினர் சீனர்கள். அவர்களோடு தமிழர்களும் மலாய்க்காரர்களும் வேலை செய்தார்கள். சீனர் வெட்டிய கரியைத் தமிழர் போட்ட தண்டவாளம் சுமந்தது. ‘பல்லினத் தொழிலாளர் பங்களிப்பு’ என்று தேர்வில் வரும் கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி ஊர் என்றால்

பத்து ஆராங் செழிப்பாக இருந்த காலத்தில் கோலாலம்பூருக்கு அடுத்த பெரிய ஊர் அதுதான் என்று சிலாங்கூரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மேலே திறந்தவெளியில் பெரிய பெரிய பள்ளமாகத் தோண்டினார்கள். கரி ஆழமாகப் போன இடத்தில் நிலத்தடிச் சுரங்கம். கரியோடு கிடைத்த களிமண்ணை வீணாக்காமல் செங்கல் சூளை வைத்தார்கள். ஒட்டுப்பலகை ஆலையும் வந்தது. தண்ணீர், விளக்கு, ஆஸ்பத்திரி, குடியிருப்பு எல்லாம் கம்பெனியுடையது.

இங்கேதான் கெடா பிள்ளைகளுக்குப் பாடம் சுலபமாகிறது. கம்பெனி ஊர் என்றால் என்ன என்று விளக்க நீங்கள் புத்தகம் தேட வேண்டாம். “தோட்டம் மாதிரி” என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி வாழ்ந்த வாழ்க்கைதான் அது. லயம் துரையுடையது, குழாய்த் தண்ணீர் துரையுடையது, ஆயாக் கொட்டகை, கோயில் நிலம், பள்ளிக்கூடக் கட்டடம் எல்லாம் தோட்டத்துடையது. வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. வேலையை நிறுத்தினால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஆள் சேர்த்தவர் கங்காணி. தன் ஊர், தன் சாதி, சொந்தபந்தம் என்று கூட்டி வந்தார், தலைக்காசு வாங்கினார். பத்து ஆராங்கில் பெருமளவு வேலை குத்தகைக்காரர் வழியாக நடந்தது. கம்பெனி குத்தகைக்காரருக்குப் பணம் கொடுக்கும், அவர் ஆள் பிடிப்பார், சம்பளம் கொடுப்பார், சாப்பாட்டுக்கும் முன்பணத்துக்கும் பிடித்துக்கொள்வார். பேர் வேறு, ஆனால் நடுவில் ஒரு ஆள் நின்று தொழிலாளியின் கூலியில் கை வைப்பது ரெண்டு இடத்திலும் ஒன்றுதான்.

1937 மார்ச்

1929க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தபோது ரப்பரும் விழுந்தது, ஈயமும் விழுந்தது, அவற்றை நம்பியிருந்த கரியும் படுத்தது. தோட்டங்களில் சம்பளத்தை வெட்டினார்கள். ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 1930களின் நடுவில் விலை மறுபடியும் ஏறியது, லாபம் திரும்பியது. வெட்டிய கூலி மட்டும் அதே வேகத்தில் திரும்பவில்லை. வேலைநிறுத்தங்கள் ஏன் பஞ்ச காலத்தில் வராமல் 1936, 1937இல் வந்தன என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. மாணவர்கள் பலர் ‘வறுமையால் போராடினார்கள்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். வறுமை எப்பவும் இருந்தது. முதலாளிக்கு லாபம் வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கேள்வி கேட்டார்கள்.

பத்து ஆராங்கில் 1936 நவம்பரில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. 1937 மார்ச்சில் அது பெரிதாக வெடித்தது. சுமார் 6,000 தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்கள் உள்ளே இருந்து வழிநடத்தினார்கள். தொழிலாளர்களே காவல் போட்டார்கள், நிர்வாகம் நடத்தினார்கள். அதிகாரிகள் அதைப் பார்த்து இது ஒரு ‘சோவியத்’ என்று மிரண்டார்கள். அந்தப் பேர் அப்படியே வரலாற்றில் ஒட்டிக்கொண்டது. சில நாள்தான் நீடித்தது. மாதம் முடிவதற்குள் பெரிய போலீஸ் படை உள்ளே புகுந்து சுரங்கத்தை மீட்டது. ஓர் உயிர் போனது, நிறையப் பேர் கைதானார்கள்.

ஆங்கிலேயர்கள் ஏன் இவ்வளவு பயந்தார்கள்? ஒரு தோட்டத்தில் மரம் வெட்டாமல் நின்றால் அந்தத் தோட்டத்துக்கு நஷ்டம். பத்து ஆராங் நின்றால் ரயில் நிற்கும், தலைநகரில் விளக்கு அணையும், ஈயச் சுரங்கத்தில் பம்பு நிற்கும். சுரங்கத்தில் பம்பு நின்றால் தண்ணீர் ஏறிவிடும். ஆக, 6,000 பேர் கையில் நாட்டின் கழுத்தே இருந்தது. ‘எரிபொருள் மையத்தின் அரசியல் முக்கியத்துவம்’ என்று இதை எழுதினால் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு நல்ல விடையாகும்.

இதோடு ஒப்பிட்டுச் சொல்ல நமக்கு ரெண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஒன்று, 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் போராட்டம். தமிழ் நேசன் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் கைதானதும் அது கொதித்தது. துரையைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. கூலி மட்டும் கேட்கவில்லை, மரியாதையும் கேட்டார்கள். இன்னொன்று நம்ம மாநிலத்திலேயே நடந்தது. 1947இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள், போலீசோடு மோதல் வந்தது, ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பீடோங் வழியாகத் தினமும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பத்து ஆராங்கைத் தெரியாமல் இருக்கலாம், பீடோங்கைத் தெரியாமல் இருந்தால் குறை நம்ம மேல்தான்.

ஏன் மூடினார்கள்

ஜப்பானியர் காலத்தில் சுரங்கம் சரியான பராமரிப்பு இல்லாமல் நலிந்தது. அந்த மூணரை ஆண்டு எல்லாருக்கும் கொடுமையான காலம். கெடா தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்கள் கதையை நம்ம வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். போர் முடிந்து கம்பெனி திரும்பி வந்து சுரங்கத்தைத் தூக்கி நிறுத்தப் பார்த்தது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே கம்யூனிஸ்ட்டுகள் பத்து ஆராங்கைத் தாக்கி ஆட்களைக் கொன்று இயந்திரங்களைச் சேதப்படுத்தினார்கள்.

ஆனால் சுரங்கத்தைக் கடைசியில் மூடவைத்தது துப்பாக்கி இல்லை, எண்ணெய். இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நிறையப் பிள்ளைகள் ‘கரி தீர்ந்துவிட்டது’ என்று எழுதுகிறார்கள். கரி தீரவில்லை. இன்னும் கீழே கிடக்கிறது. வாங்குகிற ஆள்தான் தீர்ந்துபோனார். போருக்குப் பிறகு எண்ணெய் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தது. ரயில்வே தன் நீராவி இன்ஜின்களில் கரிக்குப் பதில் எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தது. 1957இல் டீசல் இன்ஜின்கள் ஓட வந்துவிட்டன. மின்நிலையங்களும் எண்ணெய்ப் பக்கம் சாய்ந்தன.

பத்து ஆராங் கரிக்குப் பிறவிக் குறையும் ஒன்று உண்டு. அறிவியல் ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். அது நிலவியல் கணக்கில் இளமையான கரி. ஈரப்பதம் அதிகம், அதனால் அதே எடையில் உயர்ரகக் கரி தருகிற அளவு சூடு தராது. இன்னும் மோசம், அது தானாகவே தீப்பிடிக்கும். வெட்டிய கரி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து சூடாகும். குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பற்றிக்கொள்ளும். நம்ம வீட்டுப் பின்னால் வெட்டிப்போட்ட ஈரப் புல் குவியலுக்குள் கையை விட்டால் கதகதவென்று இருக்குமே, அதன் பெரிய அண்ணன். இப்படிப்பட்ட கரியை மாதக்கணக்கில் சேமித்து வைக்க முடியாது. எண்ணெயைத் தொட்டியில் ஊற்றி எத்தனை நாள் வேண்டுமானாலும் வைக்கலாம்.

1960 ஜனவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது.

கைவிட்டது யார்?

இணையத்தில் பத்து ஆராங்கைத் தேடினால் ‘பேய் ஊர்’, ‘கைவிடப்பட்ட நகரம்’ என்று படத்தோடு வரும். உடைந்த புகைபோக்கி, செடி மூடிய சுரங்க வாய், இருட்டுப் படம். படம் எடுப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் ஆள் இல்லாத ஊர் அல்ல அது. கடைத்தெரு இருக்கிறது, குடும்பங்கள் இருக்கின்றன. கைவிட்டது கம்பெனி, மக்கள் எல்லாரும் கைவிடவில்லை. இந்த வேறுபாட்டை விடையில் எழுதத் தெரிந்த மாணவரை நான் தனியாகக் கவனிப்பேன்.

சுரங்கம் மூடியதும் இளந்தாரிகள் வேலை தேடிப் போனார்கள். கிளை ரயில் பாதைக்கும் வேலை இல்லாமல் போய் அதுவும் பிற்பாடு எடுக்கப்பட்டது. ஊர் ஏன் மறுபடி வளரவில்லை என்பதற்கு நிலத்துக்கு அடியிலேயே காரணம் இருக்கிறது. நிலத்தடிச் சுரங்கத்தில் மேல்கூரை விழாமல் இருக்க அங்கங்கே கரியையே தூணாக விட்டு வெட்டுவார்கள். ஆள் போன பிறகு தண்ணீர் புகுந்து தூண் நலியும். ஒரு நாள் மேலே உள்ள தரை இறங்கும். பழைய சுரங்கப்பாதைகள் ஓடும் நிலத்தில் கட்டடம் எழுப்ப அதனால்தான் கட்டுப்பாடு. கம்பெனி லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது, ஓட்டை நிலத்தை ஊர்க்காரர்கள் தலையில் வைத்துவிட்டுப் போனது. திறந்தவெளிப் பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளமாகிக் கிடக்கிறது.

1960 என்ற ஆண்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி கெடாவுக்கு வருவோம். அந்தக் காலத்தில் தோட்டங்களை விட்டுப் போன வெள்ளைக்காரக் கம்பெனிகளிடமிருந்து நிலத்தை வாங்கி, துண்டு துண்டாக்கி விற்கும் வேலை மும்முரமாக நடந்தது. தோட்டத் துண்டாடல் என்று நம்ம பெரியவங்க சொல்வது அதைத்தான். துண்டு வாங்கிய புது முதலாளிக்கு லயமும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம், பழைய ஆட்களும் வேண்டாம். பத்து ஆராங்கில் ஒரே நாளில் நடந்தது இங்கே துண்டு துண்டாக நடந்தது.

ஆனால் இங்கே ஒரு பதிலும் பிறந்தது. சுரங்கம் மூடிய அதே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளிகளிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு எடுக்கவைத்து, தோட்டத்தையே வாங்குவது என்பது திட்டம். அந்தச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? நம்ம கெடாவின் புக்கிட் சீடிம். கட்டுரைத் தொடக்கத்தில் கேட்டீர்களே, கெடாவுக்கும் பத்து ஆராங்குக்கும் என்ன சம்பந்தம் என்று. கம்பெனி கைவிட்டால் தொழிலாளி என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அங்கே கிடைக்காத ஒரு விடை இங்கே முயன்று பார்க்கப்பட்டது. அந்த விடை எல்லாத் தோட்டத்துக்கும் எட்டவில்லை. எட்டாத தோட்டங்கள் எவை என்று சுங்கைப் பட்டாணி சுற்றுவட்டாரத்து வீடமைப்புப் பகுதிகளைப் பார்த்தாலே தெரியும், பல இடங்களில் தோட்டத்தின் பேர் மட்டும் பலகையில் மிச்சம்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். எண்ணெய் மலிவு என்று கரியை மூடினோம். 1973இல் எண்ணெய் விலை எகிறியது. 1981இல் அரசாங்கம் நான்கு எரிபொருள் கொள்கை கொண்டுவந்தது: எண்ணெய், எரிவாயு, நீர்மின், நான்காவது நிலக்கரி. இன்றைக்கு காப்பார், மஞ்சோங் மின்நிலையங்கள் எரிக்கும் கரி இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. காப்பாரும் பத்து ஆராங்கும் ஒரே சிலாங்கூரில்தான் இருக்கின்றன.

வகுப்பில் எப்படிக் கொண்டுபோவது

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். வீட்டில் வயதானவர்களிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள்: நீங்கள் இருந்த தோட்டத்தில் வீடு யாருடையது? வேலை நின்றபோது எத்தனை நாள் அவகாசம் கொடுத்தார்கள்? அடுத்து எங்கே போனீர்கள்? அந்தப் பதில்களைப் பத்து ஆராங் கதையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதட்டும். தமிழ்மொழித் தாளுக்குக் கட்டுரைப் பயிற்சியும் ஆச்சு, வரலாற்றுக்கு எடுத்துக்காட்டும் ஆச்சு. பேச்சு வழக்கில் பெரியவர்கள் சொன்னதை மேற்கோளாகப் போடும்போது அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதட்டும், திருத்த வேண்டாம். ‘பத்து சீட்டு’ என்று வேலை நிறுத்தும் அறிவிப்பைச் சொல்பவர் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆண்டுகளை மனனம் செய்ய வேண்டிய மாணவர்களுக்கு: 1908, 1913, 1915, 1937, 1948, 1960. ஒவ்வொன்றுக்கும் எதிரே உலகத்தில் அப்போது என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை எழுதிவைத்துக்கொண்டால் மறக்காது.

கல்விச் சுற்றுலாவாகப் போக நினைக்கும் பள்ளிகள் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ரவாங் வரை போய் மேற்கே திரும்ப வேண்டும். சுங்கைப் பட்டாணியிலிருந்து நாலு மணி நேரம் பிடிக்கும், விடியலிலேயே கிளம்பினால்தான் வெயிலுக்கு முன் சூளைப் பக்கம் நடக்கலாம். தொப்பி, தண்ணீர், முழங்கால் வரை மூடிய உடை அவசியம். சுரங்க வாயில்களை வெளியே நின்று பார்ப்பதோடு சரி. உள்ளே பிள்ளைகளை இறக்காதீர்கள், மழை பெய்த மறுநாள் பள்ளங்களின் ஓரத்துக்கும் விடாதீர்கள்.